வீட்டு விஷயம் என்று சொல்லிப் போனவர்

இதை வாசிக்கும் உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை. நடுவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். கைதட்டல் எந்தப் பக்கம் ஓங்குகிறதோ அந்தப் பக்கம் அவர்களுடைய தீர்ப்பு மெல்லச் சாய்வதை மேடையிலிருந்தே பலமுறை கண்டிருக்கிறேன். உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். சாட்சிக்குக் கடமை ஒன்றுதான்: கேட்டதைக் கேட்டபடி மனத்தில் வைத்திருப்பது. யாங்கோனில் ஒரு தொழிற்சாலையின் கூட்ட அறையில் நான் கால் மணி நேரம் பேசினேன். அந்தப் பேச்சினால் ஒரு பேருந்து நின்றுபோனது. அந்தப் பேருந்தில் தினமும் வந்துகொண்டிருந்த ஒருவர் வராமல் போனார். அவர் திரும்பி வரவேண்டும் என்பதற்காக நான் செய்தவற்றை இங்கே சொல்லப்போகிறேன். எதையும் எனக்குச் சாதகமாகத் திருப்பாமல் சொல்ல முயல்கிறேன். அந்தப் பழக்கம் எனக்குப் புதிது.

பேச்சு எனக்குக் கோயில் மண்டபத்தில் வாய்த்தது. யாங்கோனின் தாமுவே பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் கோயிலில் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு பட்டிமன்றம் வைப்பார்கள். என் வயதுக்காரர்கள் தமிழில் திட்டு வாங்கிக்கொண்டு பர்மியத்தில் பதில் சொல்லுகிறவர்கள். நான் மட்டும் தமிழைப் பிடிவாதமாகக் கற்றேன். பேசுவதற்காக அல்ல, வெல்வதற்காக. மூச்சை எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை இரண்டாம் முறை சொன்னால் பின்வரிசை நிமிரும், எதிரணியின் மௌனத்தை எப்படி அவர்களுடைய தோல்வியாக மாற்றிக் காட்டுவது என்பதெல்லாம் இருபது வயதுக்குள் எனக்குக் கைவந்திருந்தன. அந்தக் கர்வம் இன்னும் முழுவதும் போய்விடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வராமல் போனவரை, சயாமாவை, நான் முதலில் பார்த்ததும் அந்த மேடையில்தான். ஆற்றுப் பாலத்துக்கு அப்பாலுள்ள கியாக்தானிலிருந்து வந்து எதிரணியில் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டு அமர்ந்தார். நான் எழுந்து முழங்கினேன், வென்றேன். மண்டபத்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

“கைதட்டு உங்களுக்கு. ஆனா நான் கேட்ட ரெண்டு கேள்வியும் அங்கனயே கிடக்கு, பேச்சாளரே.”

அடுத்த ஆண்டு நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில் அவர் ஏற்கெனவே இருந்தார். லப்பெட் எனப்படும் ஊறவைத்த தேயிலையையும் அதோடு கலந்து தின்னும் வறுத்த பயறுகளையும் பொட்டலமிட்டு விற்கிற இடம் அது. பொட்டலப் பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். அங்கே மேற்பார்க்கும் பெண்களை எல்லோரும் சயாமா என்பார்கள்; ஆண்களைச் சயா என்பார்கள். நான் பணியாளர் அலுவலகத்தில் இருந்ததால் சயா ஆனேன். மூன்று ஆண்டுகள் நாங்கள் ஒருவரையொருவர் வேறு எப்படியும் அழைத்துக்கொண்டதில்லை. அந்த மரியாதைக்குள் நான் எதை ஒளித்து வைத்திருந்தேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கம்பெனி ஆட்களை ஏற்றி வரும் பேருந்துக்கு எங்கள் ஊரில் ஃபெர்ரி என்று பெயர். அது ஓடுவது ஆற்றில் அல்ல, ரோட்டில். கியாக்தான் ஃபெர்ரி பாலத்தைக் கடந்து தொழிற்சாலை வாசலுக்கு வரும்போது மணி ஏழரை ஆகும். அந்த நேரத்தில் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஜன்னலோரம் நிற்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். பதிவேட்டுக்கும் ஜன்னலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெண்கள் தூக்கம் கலையாத முகங்களோடு இறங்குவார்கள். கடைசி ஆளாகச் சயாமா இறங்குவார்; யாராவது குடையை விட்டுவிட்டார்களா என்று இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடம் சில நாள் பதிந்திருக்கும்.

சென்ற ஆண்டு மழைக்கு முன்பு ஆட்கள் விலகுவது அதிகமாயிற்று. டீசலுக்கு வரிசையில் நிற்கவே ஓட்டுநர்களுக்குப் பாதி நாள் போய்க்கொண்டிருந்த காலம் அது. எங்கள் மேலாளர் பர்மியர், நல்ல மனிதர். சித்தப்பா முறை வைத்து எல்லோரும் ஊலே என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை அழைத்து, அட்டைப்பெட்டி நிறைய விலகல் படிவங்களைக் காட்டினார்.

“இவங்க ஏன் போறாங்க? தூரம்தான் காரணம்னா ஃபெர்ரிய வச்சுக்கறேன். இல்லேன்னா கியாக்தான் வண்டிய நிறுத்திடுவேன். அதான் ரொம்பக் குடிக்குது. நீ ஏதோ புள்ளியியல் படிக்கிறியாமே, பார்த்துச் சொல்லு,” என்றார்.

படித்துக்கொண்டுதான் இருந்தேன். தாமுவேயில் ஒரு மாலை வகுப்பு. கை என்ற கிரேக்க எழுத்தின் பெயர் கொண்ட கை-வர்க்கச் சோதனையை ஆசிரியர் பலகையில் எழுதிய அன்றே அதன் மேல் எனக்குக் காதல் வந்துவிட்டது. காரணம், அது ஒரு பட்டிமன்றம். இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பே இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு கட்சி முதலில் எழுந்து நிற்கும். அதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். தொடர்பு உண்டு என்பவர்தான் சான்றோடு வந்து அதை வீழ்த்தவேண்டும். கட்டங்கள் வரைந்து, தொடர்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருக்கவேண்டும் என்று கணக்கிட்டு, உண்மையில் இருப்பவர்களை அதன் பக்கத்தில் எழுதவேண்டும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதானால் இன்மை தோற்கும். சிறிதானால் அது வீழவில்லை என்று பொருள். வீழவில்லை என்பதை வென்றது என்று சொல்லக்கூடாது என்று ஆசிரியர் எச்சரித்தார். நான் அதைக் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். கோடு இன்னும் நேராகவே இருக்கிறது.

மின்சாரம் வரும் நேரம் பார்த்து மூன்று நாள் உட்கார்ந்தேன். படிவங்களில் இருந்த ஊர்களைக் கிடைவரிசையிலும் காரணங்களைச் செங்குத்து வரிசையிலும் இட்டேன். ஏறத்தாழ எல்லாப் படிவங்களிலும் ஒரே காரணம்தான் எழுதியிருந்தது: குடும்ப விஷயம். தாமுவேக்காரர்களும் அதையே எழுதியிருந்தார்கள். படகுத்துறைப் பக்கத்து க்யிம்யிண்டைங்காரர்களும் அதையே எழுதியிருந்தார்கள். பாலத்துக்கு அப்பாலிருந்து வந்தவர்களும் அதையே எழுதியிருந்தார்கள். எந்த ஊருக்கும் தனியாக ஒரு காரணம் இல்லை. இன்மைக் கருதுகோள் அசையாமல் நின்றது.

நான் இந்த நகரத்தில் பிறந்தவன். விருந்திலிருந்து பாதியில் கிளம்பவும், வகுப்புக்கு மட்டம் போடவும், வேண்டாத வேலையை மறுக்கவும், பிறர் மனம் சங்கடப்படாமல் சொல்வதற்கென்று இங்கே எல்லோரிடமும் அந்த ஒரு சொல் இருக்கிறது. நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். வாயில் இருக்கும்வரை அது வெறும் மரியாதை என்று எனக்குத் தெரியும். கட்டத்துக்குள் ஓர் எண்ணாக விழுந்தவுடன் அதை உண்மை என்று நம்பிவிட்டேன்.

கூட்ட அறையில் ஊலேயும் பிரிவுத் தலைவர்களும் இருந்தார்கள். சயாமா சுவரோரம் அமர்ந்திருந்தார். நான் பர்மியத்தில் பேசினாலும் மூச்சு நிறுத்தங்களெல்லாம் கோயில் மண்டபத்தவை. “தூரத்துக்கும் விலகலுக்கும் தொடர்பு இல்லை. இதை நான் சொல்லவில்லை, போனவர்கள் தங்கள் கையால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்,” என்றேன். ஊலே தலையசைத்தார். மறுப்பு உண்டா என்று கேட்டார். சயாமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரணி வாயடைத்தது என்று என் நெஞ்சு அந்தக் கணம் நிமிர்ந்ததை நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

படிக்கட்டில் பிடித்துக் கேட்டேன்.

“எப்படி இருந்துச்சு சயாமா?”

“நல்லாப் பேசினீங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவு நல்லாப் பேசினீங்க,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கியாக்தான் ஃபெர்ரி அடுத்த மாதம் நின்றது. அங்கிருந்து வந்தவர்கள் பொதுப் பேருந்தில் வரத் தொடங்கினார்கள். சயாமா மூன்று பேருந்து மாறி வந்தார். ஏழரைக்குப் பதில் எட்டே காலுக்கு, சில நாள் எட்டரைக்கு, தெருமுனையிலிருந்து நடந்து வருவார். மழை பிடித்துக்கொண்டதும் இடுப்பில் சுற்றிக் கட்டிய லோன்ஜி முழங்கால்வரை நனைந்திருக்கும். தாமதம் என்று குறிக்க வேண்டியவன் நான், குறிக்கவில்லை. அதை அவர் கவனித்தார்.

“குறிங்க சயா. என் கீழ இருக்கற பொண்ணுங்களுக்குக் குறிக்கிறீங்க, எனக்கு மட்டும் விட்டா நான் எப்படி அவங்க முகத்தப் பாக்கறது?”

குறித்தேன். ஏழாம் வாரம் அவர் மாடி ஏறி வந்து என் மேசைக்கு எதிரில் அமர்ந்தார். போகிறேன் என்றார். படிவத்தை எடுத்தேன். எடுக்காமல் இருந்திருக்கலாம். கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கலாம். கையில் பேனா இருந்தால் நான் வேறொரு மனிதன்.

“காரணம் என்னன்னு போடட்டும்?”

“வீட்டு விஷயம்.”

அவர் தமிழில் சொன்னார். படிவம் பர்மிய மொழியில் இருந்தது. நான் ‘குடும்ப விஷயம்’ என்று பர்மியத்தில் எழுதினேன். எழுத்து அழகாக வந்தது. அவர் கையெழுத்திட்டு, பேனாவின் மூடியைப் போட்டு, என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி மேடையில் பேசச் சொன்னால் எனக்கு வராது. ஏழரை மணிக்கு ஜன்னலுக்குப் போவதை நிறுத்த முடியவில்லை. அந்தச் சோதனையில் ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கவேண்டியவர்களின் தொகைக்கு எதிர்பார்க்கும் எண்ணிக்கை என்று பெயர். எதிர்பார்ப்பது என்றால், ஒருவர் வரும் வழிக்கு எதிரே கண்ணை வைத்துக் காத்திருப்பது. கணக்கில் அந்தச் சொல்லை நூறு முறை எழுதியவன், அதன் பொருளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கற்றேன். வாசலில் க்யிம்யிண்டைங் ஃபெர்ரி வந்து நிற்கும், மற்றொன்று வந்து நிற்கும், எல்லோரும் இறங்குவார்கள், இருக்கைக்கு அடியில் குனிந்து பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். பொட்டலப் பிரிவில் புதிதாக வந்தவர் உரக்கக் கத்தினார். சயாமா அங்கே இருந்தவரை நான் ஒரு சத்தமும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கியாக்தான் வண்டியை ஓட்டியவர் தமிழர், ஐம்பது வயதுக்காரர். அவரைத் தாமுவே வழிக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் தினமும் அவர் பின்னால்தான் நான் உட்கார்ந்து போகவேண்டியிருந்தது. சில நாள் பொறுத்துவிட்டு, ஒரு நாள் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“தம்பி, பதினெட்டு வருஷமா வண்டி ஓட்டுறேன். பாலத்து இறக்கத்துல இத நிறுத்த நான் படாத பாடில்ல. நீங்க வாயாலயே நிறுத்திட்டீங்களே. என் பிரேக்குக்கு அம்புட்டு சக்தி கிடையாது.”

முன்வரிசைப் பெண்கள் தமிழ் புரியாமலே சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

“அண்ணே, அவங்க குடும்ப விஷயமாப் போயிட்டாங்க. படிவத்துல இருக்கு.”

“எந்தக் குடும்பம்? அம்மா தையல் தைக்குது. தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிருச்சு. ஒருத்தருக்கும் காய்ச்சல் தலைவலிகூட இல்ல. உங்க படிவத்துக்கு ஏதோ உடம்பு சரியில்ல போல. போய்ப் பாத்துட்டு வாங்க தம்பி. ஞாயித்துக்கிழமையும் இப்ப வேலை பாக்குற ஐஸ் கம்பெனிலதான் இருக்கும்.”

போனேன். சயாமா மாறி வந்த அதே மூன்று பேருந்துகளில், எதிர்த்திசையில். முதலாவதில் நின்றேன். இரண்டாவது பாதியில் பழுதாகி நின்றது. மூன்றாவதில் மீன்கூடைகளுக்கு நடுவே ஒரு காலை வைக்க இடம் கிடைத்தது. கியாக்தானில் இறங்கியபோது, பேசுவதற்காகத் தயாரித்து வைத்திருந்த முன்னுரை முழுவதும் எனக்கு மறந்துபோயிருந்தது.

படகுகளுக்கும் மீன் வியாபாரிகளுக்கும் ஐஸ் கட்டி உடைத்துக் கொடுக்கும் சிறிய ஆலை அது. வாசலில் மேசை போட்டு, போகும் கட்டிகளைக் குறித்துக்கொண்டிருந்தார் சயாமா. என்னைக் கண்டதும் எழுந்து, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“மூணு பஸ்ஸா?”

“மூணு.”

“பேச்சாளர் கால் நனைஞ்சிருக்கு,” என்றார். பிறகு தேநீர் வரவழைத்தார்.

எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியவில்லை. “அன்னைக்குக் கூட்டத்துல நீங்க ஏன் எதுவும் சொல்லல?” என்று கேட்டேன்.

“அத்தன பேர் முன்னால உங்களத் தப்புன்னு சொல்றதுக்கு அனாவா இருந்துச்சு.”

அனா என்பது பர்மியச் சொல். நம்மால் இன்னொருவருக்குச் சங்கடம் வந்துவிடுமே என்று நெஞ்சு பின்வாங்குவதைச் சொல்வது. எங்கள் தமிழில் அதற்கு ஈடான சொல்லை நாங்கள் தேடவே இல்லை, அதையே வைத்துக்கொண்டோம்.

“அப்ப, போறப்போ? என்கிட்ட தனியாத்தானே சொன்னீங்க. அப்பவும் குடும்ப விஷயம்னு...”

“குடும்பம்னு நான் சொல்லவே இல்ல சயா. வீட்டு விஷயம்னு சொன்னேன். குடும்பம்னு எழுதுனது நீங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“வீடு கியாக்தான்ல இருக்கு. ஃபாக்டரி அங்க இருக்கு. நடுவுல பஸ் இல்ல. இது வீட்டு விஷயமா இல்லையா?”

பட்டிமன்றத்தில் எவரும் என் சொல்லை என் மேலேயே திருப்பியதில்லை. அவர் விடவில்லை.

“சரி, நான் ஒண்ணு கேக்கறேன். என் தங்கச்சி கல்யாணத்துல நீங்க இலை போடறதுக்கு முன்னாடியே கிளம்பினீங்களே, அப்ப என்ன சொன்னீங்க?”

“வீட்டு விஷயம்னு.”

“வீட்ல என்ன விஷயம்?”

“ஒண்ணும் இல்ல.”

“பாத்தீங்களா. ஏன்னு கேட்டா எல்லாரும் மரியாதையாத்தான் பதில் சொல்லுவாங்க. ஏன்னு கேக்காதீங்க. எங்க இருந்து வந்தாங்க, போனாங்களா இருந்தாங்களா, அத மட்டும் எண்ணுங்க. போனவங்க ஃபாரத்த மட்டும் வச்சுக்கிட்டு கணக்குப் போட்டா எப்படி? இருக்கறவங்க எங்க இருந்து வர்றாங்கன்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. பெட்டியில் இருந்தவர்களை எண்ணினேன். பெட்டிக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரையும் எண்ணாமல் விட்டுவிட்டேன். அதோடு அந்தக் கல்யாண வீட்டில் நான் ஏன் எழுந்தேன் என்பதையும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி, அடுத்தது அக்காவுக்குத்தான், மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று பந்திக்கு உட்காரும்போது சொன்னாள். பிறகு அந்தப் பேச்சு ஒன்றும் ஆகாமல் போயிற்று என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு என்னால் உட்கார முடியவில்லை. அதைச் சொல்ல அந்த ஐஸ் ஆலை வாசலில் ஒரு முழு நிமிடம் கிடைத்தது. ஒரு படகுக்காரர் வந்து எட்டுக் கட்டி கேட்டார். நிமிடம் போய்விட்டது.

திரும்பும் வழியிலேயே கட்டங்களை மனத்தில் வரைந்தேன். இம்முறை காரணம் என்ற வரிசையே இல்லை. ஒரு பக்கம் ஊர். மறுபக்கம் போனவர், இருப்பவர். வருகைப் பதிவேட்டிலிருந்து எல்லோரையும் எடுத்தேன். ஃபெர்ரி ஓடிய மாதங்களுக்கு ஒரு கட்டம், நின்ற மாதங்களுக்கு ஒரு கட்டம். ஓடிய மாதங்களில் கியாக்தான்காரர்கள் மற்றவர்களைப் போலவே வேலையில் நிலைத்திருந்தார்கள்; சொல்லப்போனால் சற்று உறுதியாகவே. வண்டி நின்ற மாதங்களில் அந்த ஒரு வரிசை மட்டும் சரிந்து கிடந்தது. தூரத்தை அதுவரை தாங்கியிருந்தது வண்டிதான். எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கும் உண்மைக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் காண எனக்குச் சூத்திரமே தேவைப்படவில்லை. ஆனாலும் போட்டேன், இருமுறை போட்டேன். இன்மைக் கருதுகோள் வீழ்ந்தது. வென்ற மகிழ்ச்சி வரவில்லை. அந்த வரிசையில் இருந்த எண்களுள் ஒன்று சயாமா.

நேர்மையாகச் சொல்கிறேன்: அந்தக் கட்டங்களை நான் கியாக்தான்காரர்கள் எல்லோருக்காகவும் வரையவில்லை. வண்டி வந்தால் அவரும் வருவார் என்பதற்காகத்தான் வரைந்தேன்.

ஊலேயின் அறைக்குப் போய், முன்பு சொன்னது தவறு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“போன தடவையும் இதே குரல்லதான் சொன்ன. எந்தக் குரல நம்பட்டும்?”

“எதையும் நம்ப வேண்டாம் ஊலே. பதிவேடு இதோ. நீங்களே எண்ணுங்க.”

அவர் பென்சிலை எடுத்தார். பக்கம் பக்கமாக, விரலை நகர்த்தி, உதட்டை அசைத்து எண்ணினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் நான் பேசவில்லை. என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான சொற்பொழிவு இல்லை. முடித்ததும், “அப்போ ஃபெர்ரி நின்னதுதான் காரணமா?” என்று கேட்டார்.

“தொடர்பு இருக்குன்னு சோதனை சொல்லுது. காரணம்னு அது சொல்லாது. காரணத்த அங்க போய் மூணு பஸ் மாறி வந்து பாத்தாத்தான் தெரியும். நான் பாத்துட்டு வந்தேன்.”

அவர் பென்சிலை வைத்தார். “அன்னைக்கு இந்த மாதிரிப் பேசியிருக்கலாமே நீ,” என்று மட்டும் சொன்னார். மறு வாரம், மழைக்காலம் முடியும்வரை பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு, கியாக்தான் வண்டிக்கு அனுமதி கிடைத்தது.

சயாமாவை அலைபேசியில் அழைத்தேன். இருமுறை இணைப்பு அறுந்து, மூன்றாம் முறை குரல் கிடைத்தது.

“ஃபெர்ரி வருது சயாமா. திங்கட்கிழமையிலிருந்து.”

“நெசமாவா? ரொம்ப சந்தோஷம். பொண்ணுங்ககிட்ட இப்பவே சொல்லிடறேன். நாலு பேர் இன்னும் வேலை கிடைக்காமத்தான் இருக்காங்க.”

“நீங்க?”

பின்னால் ஐஸ் உடைக்கும் ஓசை கேட்டது. அது நின்ற பிறகு பேசினார்.

“இங்க சாவிய என்கிட்ட குடுத்திருக்காங்க சயா. காலைல நடந்து வர்றேன். அம்மாவோட உக்காந்து ஒரு வேளை சாப்பிடறேன். நான் வரல.”

“இது அனாவா, நெசமான பதிலா?”

“நெசமான பதில். உங்களுக்கு அதச் சொல்லாம விட்டா திரும்பவும் தப்பா எழுதிடுவீங்க.”

சிரித்தார். நானும் சிரித்தேன் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். இணைப்பு நன்றாக இல்லை.

திங்கட்கிழமை முதல் வண்டியில் நான் இருந்தேன். ஞாயிறன்றே கியாக்தானுக்குப் போய் ஓட்டுநர் வீட்டில் தங்கி, விடியுமுன் அவரோடு புறப்பட்டேன். எதற்காகப் போனேன் என்று என்னையே கேட்டுக்கொண்டால், வீட்டு விஷயம் என்பதைத் தவிர வேறு பதில் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்த பெண்கள் ஏறினார்கள். ஒருத்தி சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உடனே உறங்கிப்போனாள். ஐஸ் ஆலையைக் கடந்தபோது அதன் தகரக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே இயந்திரம் ஓடுகிற அதிர்வு மட்டும் ரோட்டில் உணர முடிந்தது. கடந்து வெகுதூரம் போன பிறகும் நான் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் பாலம் வந்தது. ஆற்றின் மேல் வெளிச்சம் பரவத் தொடங்கியிருந்தது.

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பிடித்துவிட்டார்.

“என்ன தம்பி, வாய் பூட்டிக்கிச்சு? வண்டிய நிறுத்தினப்போ பேசுனீங்க. ஓடறப்போ ரெண்டு வார்த்தை பேசக்கூடாதா? மைக்குதான் இல்ல. ஆனா கேக்கறதுக்கு ஆள் இருக்கு.”

எழுந்து நின்றேன். வண்டி குலுங்கியதால் மேல் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கையசைத்துப் பேச வழியில்லை. விழித்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலில் பர்மியத்தில் சொன்னேன். ஓட்டுநர் தமிழிலும் கேட்கவேண்டும் என்றார். குரலை உயர்த்தாமல், அவருக்குக் கேட்கும் அளவுக்குச் சொன்னேன்:

“இனிமே நம்ம இடத்த விட்டு யாராச்சும் போறேன்னு வந்தா, அவங்க முன்னால ஃபாரத்த நீட்ட மாட்டேன். ஏன்னும் கேக்க மாட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் அவங்க கூடக் கிளம்பி, எத்தன பஸ் மாறணுமோ அத்தன பஸ்ஸும் மாறி, அவங்க வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத்தான் திரும்புவேன்.”